ரெஸ்யூமை மெஷின்தான் தள்ளிவிடுகிறதா?

கேள்வி: நான் பி.காம். படித்தவள். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 2019 ஆகஸ்டிலிருந்து 2023 மே வரை அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்டாக இருந்தேன். குழந்தை பிறக்கவிருந்ததால் வேலையை விட்டேன். இப்போது அம்மா கூடவே இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். திருப்பூரிலும் கோவையிலும் வேலை தேடி, நௌக்ரியிலும் கம்பெனி வெப்சைட்டுகளிலும் மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு போன்கூட வரவில்லை. ரெஸ்யூமை பிரவுசிங் சென்டரில் கலரில், போட்டோவோடு செய்து வாங்கினேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். மெஷின் படித்துத் தள்ளிவிடுகிறது, அதனால் முக்கியமான வார்த்தைகளை வெள்ளை எழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் டைப் செய்து வை என்கிறாள் தோழி. செய்யலாமா? வேலையில் இல்லாத காலத்தை மறைத்துவிடலாமா? பழைய கம்பெனியில் ஒரு வருஷமாக நின்றுபோயிருந்த ஜிஎஸ்டி ரீஃபண்டை நான்தான் பில் பில்லாகச் சரிபார்த்து வாங்கிக் கொடுத்தேன். அப்படி வேலை செய்த என்னை யாரும் கூப்பிடவில்லையே என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.
— வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் ரெஸ்யூமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கடிதத்தில், நின்றுபோன ரீஃபண்டை மீட்டுக் கொடுத்த ஒரு அக்கவுண்டன்ட் இருக்கிறார். அவரைப் பற்றி ரெஸ்யூமில் ஒரு வரி இல்லை. "கணக்குகளைக் கையாண்டேன், ஜிஎஸ்டி வேலைகளைப் பார்த்தேன், மேலதிகாரி சொன்ன பணிகளைச் செய்தேன்" என்ற மூன்று வரிகளில் கிட்டத்தட்ட நான்கு வருஷ உழைப்பு முடிந்துவிட்டது. உங்களுக்குப் போன் வராததற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மெஷினின் பங்கும் உண்டு. ஆனால் உங்கள் தோழி சொல்லும் விதத்தில் இல்லை.

முதலில் மெஷினைப் பார்த்துவிடுவோம். கம்பெனி வெப்சைட்டில் நீங்கள் ஏற்றும் ரெஸ்யூம் பெரும்பாலும் ஏடிஎஸ் என்கிற ஒரு மென்பொருளுக்குள் போகிறது. அது ஃபைலில் இருக்கும் எழுத்துகளை மட்டும் உருவி எடுத்து, பெயர், போன் நம்பர், படிப்பு, வேலை பார்த்த இடம், தேதி என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்கும். பிறகு ஆள் எடுப்பவர் வந்து தேடுவார். நௌக்ரியிலும் இதே கதைதான். ஆள் எடுக்கிற எங்களைப் போன்றவர்கள் அதன் ரெஸ்டெக்ஸ் என்ற பகுதிக்குள் போய், 'ஜிஎஸ்டி', 'டேலி', 'எக்ஸ்போர்ட்' என்று தட்டி, எத்தனை வருஷ அனுபவம், எந்த ஊர், எத்தனை நாளில் சேர முடியும், கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று வடிகட்டுவோம். வருகிற பட்டியலை மேலிருந்து திறந்து பார்ப்போம். உங்கள் ரெஸ்யூமை மெஷின் படித்து, பிடிக்கவில்லை என்று குப்பையில் போடுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தேடுகிறவர் தட்டும் வார்த்தை உங்களிடம் இல்லையென்றால் பட்டியலில் நீங்கள் கீழே போய்விடுவீர்கள், அல்லது வரவே மாட்டீர்கள். நடப்பது அவ்வளவுதான்.

நேரடியாகத் தள்ளிவிடுகிற ஒரு இடம் உண்டு. விண்ணப்பத்தின் கடைசியில் சில கேள்விகள் கேட்பார்கள்: எத்தனை வருஷ அனுபவம், இந்த ஊருக்கு வந்து வேலை பார்க்க முடியுமா, எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு. 'குறைந்தது 3 வருஷம்' என்று அவர்கள் வைத்திருக்கும் இடத்தில் அவசரத்தில் 0 என்று விட்டால் அங்கேயே முடிந்தது. இந்தக் கேள்விகளை ரெஸ்யூமைவிடக் கவனமாக நிரப்புங்கள்.

இனி உங்கள் ஃபைல். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். வந்தது இப்படி:

"அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தமிழ், ஆங்கிலம் ஆகஸ்ட் 2019 டேலி திருமணமானவர் மே 2023 எம்எஸ் எக்செல் கணக்குகளை"

பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடது பக்கம் மொழிகளும் திறமைகளும், வலது பக்கம் வேலை விவரங்களும் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கிறது. எழுத்தை உருவும்போது இரண்டு பத்தியும் ஒன்றோடொன்று கலந்து, வேலைக்குச் சேர்ந்த தேதிக்கும் வேலையை விட்ட தேதிக்கும் நடுவில் டேலி வந்து உட்கார்ந்துவிட்டது. அதைவிட மோசம், உங்கள் போன் நம்பர் நோட்பேடில் வரவே இல்லை. மேலே நீல நிறப் பட்டையில் நம்பர் இருக்கிறதே, அந்தப் பட்டை முழுக்க ஒரு படம். டேலிக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் போட்டிருப்பதும் அப்படித்தான். நட்சத்திரத்தை யாரும் தேட மாட்டார்கள். எந்தக் கணக்கில் நான்கு என்று பார்க்கிறவருக்கும் புரியாது.

எல்லா மென்பொருளும் இப்படிக் குழப்பிக்கொள்ளும் என்றில்லை. புதியவை சில, இரண்டு பத்தியையும் சரியாகவே படிக்கின்றன. ஆனால் நீங்கள் போடும் கம்பெனியில் எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதனால் எதில் போட்டாலும் உடையாத மாதிரி செய்துவிடுவதுதான் நல்லது. வேர்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல், மேலிருந்து கீழே எழுதுங்கள். டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ், படம், ஐகான் எதுவும் வேண்டாம். பெயரையும் நம்பரையும் ஹெடரில் வைக்காமல் பக்கத்தின் உள்ளேயே முதல் வரிகளாகப் போடுங்கள். சில மென்பொருள்கள் ஹெடரைத் தாண்டிப் போய்விடும். ஏரியல், காலிப்ரி மாதிரி ஒரு சாதாரண ஃபான்ட், 11 அளவு. முடித்ததும் வேர்டிலிருந்தே பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். பிரின்ட் எடுத்து, போனில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்குவது கூடவே கூடாது. அது வெறும் போட்டோ, உள்ளே எழுத்தே இருக்காது. வேர்டு ஃபைல்தான் வேண்டும் என்று கேட்கிற இடத்தில் வேர்டாகவே கொடுங்கள். நான் செய்த நோட்பேடு சோதனையை நீங்களும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். ஒட்டியது வரிசையாகப் படிக்க வந்தால் ஃபைல் சரி.

வெள்ளை எழுத்து விஷயத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. எழுத்தை உருவி எடுக்கும்போது நிறம் போய்விடும். நீங்கள் ஒளித்து வைத்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக ஆள் எடுப்பவரின் திரையில் வந்து நிற்கும். அந்த நிமிஷமே அவர் உங்கள் மேல் வைத்த நம்பிக்கை போய்விடும். அதுவும் கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறவர், எதையோ மறைக்கப் பார்த்தவரை எப்படிக் கூப்பிடுவார்? தோழி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வேண்டாம். அந்த வார்த்தைகளைக் கறுப்பிலேயே எழுதும் அளவுக்கு உங்களிடம் வேலை இருக்கிறது.

அப்புறம், முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என்ன எழுதுவது?

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் என்றால் என்ன என்று எனக்கு ஓரளவு தெரியும். நூல் வாங்கியதிலிருந்து நிட்டிங், சாயம், பிரின்டிங், காம்பாக்டிங் என்று ஒவ்வொன்றும் வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போய்வரும். ஒவ்வொன்றுக்கும் டெலிவரி சலான் உண்டு, அதற்குக் கணக்குக் காட்ட ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவம் உண்டு. எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டு வரி கட்டாமல் ஏற்றுமதி செய்துவிட்டு, பொருள் வாங்கும்போது கட்டித் தேங்கி நிற்கிற உள்ளீட்டு வரியை ஆர்எஃப்டி-01 படிவத்தில் ரீஃபண்டாகக் கேட்க வேண்டும். ஷிப்பிங் பில் நம்பர் ஒன்று தப்பினால்கூடக் குறை சொல்லி விண்ணப்பம் திரும்பி வரும். இதையெல்லாம் செய்தவர் "ஜிஎஸ்டி வேலைகளைப் பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதினால் எப்படி? தேடுகிறவர் 'ஜிஎஸ்டி ரீஃபண்ட்' என்று தட்டினால் நீங்கள் வர மாட்டீர்கள். 'ஆர்எஃப்டி-01' என்று தட்டினாலும் வர மாட்டீர்கள். ஆனால் அதைச் செய்த ஆள் நீங்கள்!

ரெஸ்யூமை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதை இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன். நீங்கள் உண்மையில் செய்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர். ஆகஸ்ட் 2019 – மே 2023.
மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி தயாரித்துத் தாக்கல்.
கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்கு சப்ளையர்களைத் தொடர்புகொண்டு உள்ளீட்டு வரியைச் சரிசெய்தல்.
எல்யூடி ஏற்றுமதிக்கான ஆர்எஃப்டி-01 ரீஃபண்ட்: ஓராண்டாக நிலுவையில் இருந்ததை ஷிப்பிங் பில், இன்வாய்ஸ் வாரியாகச் சரிபார்த்து, திருத்தித் தாக்கல் செய்து பெற்றது.
நிட்டிங், சாய ஜாப் ஒர்க் சலான் கணக்கு, ஐடிசி-04.
டேலி, எக்செல் (பிவட் டேபிள், விலுக்அப்).

ஒவ்வொரு வரியும் செய்த வேலையைச் சொல்கிறது, கூடவே ஆள் எடுப்பவர் தேடுகிற வார்த்தையையும் வைத்திருக்கிறது. மாதத்துக்கு எத்தனை இன்வாய்ஸ் போட்டீர்கள், எத்தனை ஜாப் ஒர்க் பார்ட்டிகளின் கணக்கைப் பார்த்தீர்கள் என்ற எண்ணிக்கை நினைவிருந்தால் சேருங்கள். பழைய கம்பெனியிடம் சரக்கு வாங்கும் பையரின் பெயர், டர்ன்ஓவர் இதெல்லாம் வேண்டாம். அவர்கள் ரகசியத்தை வெளியே சொல்கிறவர் நாளை நம் ரகசியத்தையும் சொல்வார் என்றுதான் புதிய கம்பெனி நினைக்கும்.

ஒவ்வொரு விளம்பரத்தையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அவர்கள் 'பேங்க் ரிகன்சிலியேஷன்' என்று எழுதியிருந்தால், அந்த வேலையை நீங்கள் செய்திருந்தால், அதே வார்த்தையையே போடுங்கள். சுருக்கத்தையும் விரிவையும் ஒருமுறை சேர்த்து எழுதினால் எதைத் தட்டினாலும் கிடைப்பீர்கள்: டிடிஎஸ் என்று ஒரு இடத்தில், அதன் முழுப் பெயர் இன்னொரு இடத்தில். ஆனால் பதவிப் பெயரை மாற்றாதீர்கள். உங்கள் அனுபவச் சான்றிதழில் அசிஸ்டென்ட் என்று இருந்தால் ரெஸ்யூமிலும் அசிஸ்டென்ட்தான். பெயருக்குக் கீழே தலைப்பு வரியாக "ஜிஎஸ்டி, ஏற்றுமதி ரீஃபண்ட் அனுபவமுள்ள அக்கவுண்டன்ட், 3 வருஷம் 10 மாதம், உடனே சேரலாம்" என்று போட்டுக்கொள்ளுங்கள். 'சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்து நிறுவனத்தின் முன்னேற்றத்துக்கு...' என்று இப்போது அங்கே இருக்கும் குறிக்கோளை எடுத்துவிடுங்கள். பிரவுசிங் சென்டரில் எல்லாருக்கும் ஒட்டுவது அது.

தலைப்பில் 'உடனே சேரலாம்' என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் மறைக்க நினைக்கும் இடைவெளி உங்களுக்கு ஒரு பலத்தையும் கொடுத்திருக்கிறது. இப்போது வேலையில் இருப்பவர்களில் பலர் 60 நாள், 90 நாள் நோட்டீஸ் முடித்துத்தான் வர முடியும். மாதக்கடைசிக்குள் ஆள் வேண்டும் என்று தவிக்கிற கம்பெனிக்கு நாளைக்கே வருகிறவர் பெரிய விஷயம். நௌக்ரியில் நோட்டீஸ் பீரியட் கட்டத்தில் 15 நாள் அல்லது அதற்குக் குறைவு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதை வைத்தே தேடுகிற ஆட்கள் நிறைய.

இடைவெளியை மறைக்கவே வேண்டாம், மறைக்கவும் முடியாது. வேலையை விட்ட தேதியை 2024 என்று மாற்றி எழுதினால் எழுத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பி.எஃப். பிடித்திருந்தால் உங்கள் யுஏஎன் என்ற பி.எஃப். எண்ணில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கின்றன. பின்னணி சரிபார்ப்பில் பல கம்பெனிகள் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு இதில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலையும் போய், மனமும் உடைந்துபோகும். "ஜூன் 2023 முதல்: குழந்தை வளர்ப்புக்கான இடைவெளி. இப்போது முழுநேர வேலைக்குத் தயார்" என்று ஒரு வரி போதும். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், மன்னிப்புக் கேட்கிற தொனியும் வேண்டாம். லிங்க்டின் 2022-இலிருந்தே வேலை இடைவெளியைப் பதிவதற்கென்று தனி இடம் வைத்திருக்கிறது. உலகம் முழுக்க நடக்கிற விஷயம் இது.

அந்த வரிக்குக் கீழே இன்னொன்றும் சேர்க்க முடிந்தால் உங்கள் நிலை வலுவாகும். நீங்கள் விட்ட பிறகு ஜிஎஸ்டியில் மாறியவற்றைப் படித்துவிடுங்கள். 2024 அக்டோபரில் போர்ட்டலில் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் வந்தது. சப்ளையர் ஏற்றிய பில்லை ஏற்பது, மறுப்பது எல்லாம் இப்போது அங்கே. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறின. ஆயத்த ஆடையில் ஒரு பீஸ் ரூ.2,500 வரை 5%, அதற்கு மேல் 18%. உள்நாட்டு விற்பனையும் செய்கிற திருப்பூர் கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போனால் இதைக் கேட்காமல் விட மாட்டார்கள். படித்து, கையால் செய்து பார்த்துவிட்டு, அதை ரெஸ்யூமில் எழுதுங்கள். இடைவெளியில் தொழிலை மறந்திருப்பாரோ என்ற சந்தேகம் அந்த ஒரு வரியில் போய்விடும்.

எதை எடுத்துவிட வேண்டும் என்பதையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தந்தை பெயர், கணவர் பெயர், மதம், திருமண விவரம், போட்டோ, முழு வீட்டு முகவரி, "மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற கையெழுத்துப் பகுதி: ஒன்றும் தேவையில்லை. ஊர் பெயர் போதும். உங்கள் ரெஸ்யூமில் ஆதார் நம்பர் இருக்கிறது. அதை இன்றைக்கே எடுங்கள். நௌக்ரியில் ஏற்றியிருக்கும் பழைய ஃபைலையும் நீக்குங்கள். யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அரசு வேலைகளுக்கு அவரவர் விண்ணப்பப் படிவம் வேறு, அது கேட்கிறதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றைக் கவனித்தேன். ரெஸ்யூமில் முதல் நம்பராகக் கணவருடைய நம்பர் இருக்கிறது. பெண்கள் அனுப்பும் ரெஸ்யூம்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தெரியாதவர்களிடம் நம்பர் போகக் கூடாது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஆள் எடுப்பவர் பகலில் கூப்பிடுவார், அந்த நேரத்தில் கணவர் தன் வேலையில் இருப்பார். எடுத்தாலும் "அவங்க வீட்ல இருக்காங்க, சாயங்காலம் கூப்பிடுங்க" என்பார். பட்டியலில் அடுத்த பெயருக்கு அவர்கள் போய்விடுவார்கள். உங்கள் சொந்த நம்பரைக் கொடுங்கள். பயமாக இருந்தால் வேலைத் தேடலுக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தச் செலவு தகும். வேலை தேடுகிற காலத்தில் தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பையும் எடுத்துவிடுங்கள்.

பெயர் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல். ஆன்லைன் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். நமக்கு இருப்பது இனிஷியல். ஒரு தடவை 'கே' என்று போடுவோம், இன்னொரு தடவை அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். கடைசியில் ஒரே ஆள் மூன்று ஆளாகப் பதிவாகிவிடுவார். பான் கார்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுதியிருப்பார்கள். சம்பளமும் வரியும் அதில்தான் போகப்போகிறது என்பதால், பானில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். மார்க் ஷீட்டில் வேறு மாதிரி இருந்தால் பரவாயில்லை, கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போதும் யோசியுங்கள். நீங்கள் எனக்கு அனுப்பியது 'நியூ ஃபைனல் 2'. ஒரு நாளில் எனக்கு வரும் ஃபைல்களில் எத்தனை 'ஃபைனல்' இருக்கும் தெரியுமா? உங்கள் பெயர், பிறகு 'அக்கவுண்டன்ட் ஜிஎஸ்டி' என்று வைத்தால் இறக்கி வைத்தவர் அடுத்த வாரமும் கண்டுபிடிப்பார்.

மெயிலில் அனுப்பும்போது சப்ஜெக்ட் வரியில் பதவியும் அனுபவமும் இருக்கட்டும். உள்ளே நான்கு வரி எழுதுங்கள்: எந்த வேலைக்கு, எத்தனை வருஷம், அவர்கள் கேட்டதில் உங்களிடம் இருக்கும் இரண்டு விஷயம், எப்போது சேர முடியும். வெறும் மெயிலில் ஃபைலை மட்டும் ஒட்டி அனுப்பாதீர்கள். ஒரே மெயிலில் முப்பது கம்பெனி முகவரியையும் போட்டு அனுப்பாதீர்கள். பார்க்கிறவருக்கு, தான் முப்பதில் ஒருவர் என்று தெரிந்துவிடும். டிரைவ் லிங்க் அனுப்பினால் அனுமதி கேட்டு நிற்கும், எனவே நேரடியாக இணையுங்கள். திருப்பூரில் சிறிய கம்பெனிகள் பல, வாட்ஸ்அப்பிலேயே அனுப்பச் சொல்வார்கள். அங்கே போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும். டாக்குமென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து பிடிஎஃப்பை அனுப்புங்கள், கூடவே அதே நான்கு வரியையும்.

நௌக்ரியில் ரெஸ்யூமை ஏற்றினால் மட்டும் போதாது. அங்கே இருக்கும் தலைப்பு, முக்கியத் திறமைகள், ஊர், சம்பள எதிர்பார்ப்பு எல்லாக் கட்டங்களையும் நிரப்புங்கள். தேடல் அதையும் பார்த்துத்தான் நடக்கிறது. வாரத்தில் சில நாள் உள்ளே போய்வாருங்கள். பல மாதம் உள்ளே வராதவர் வேறு வேலையில் சேர்ந்திருப்பார் என்று நினைத்து விட்டுவிடுவோம்.

விவரங்கள் வெளியே போனதும், வேலை உறுதி, பயிற்சிக்கு அல்லது லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுங்கள் என்று சிலர் கூப்பிடுவார்கள். பணம் கேட்டால் அது வேலை இல்லை. போனை வைத்துவிடுங்கள். ஓடிபியும் பேங்க் விவரமும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

இந்த வாரம் ரீஃபண்ட் வரியிலிருந்து எழுத ஆரம்பியுங்கள். உங்கள் தொழிலில் நீங்கள் நன்றாகச் செய்தது அது, அதை எழுதினால் மற்றது தானாக வரும். புதிய ரெஸ்யூமை எனக்கும் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.